பெய்யாத மழை

நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில், மழை அளக்கிற டப்பா ஒன்று இருந்தது. துத்தநாகத்தில் செய்த உருளை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு கண்ணாடிப் பாட்டில். முன்பிருந்த தலைமையாசிரியை ஆசையாக வாங்கி வைத்துவிட்டு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பூகோளம் நடத்துகிறவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது. தினமும் காலை எட்டு மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, இத்தனை இஞ்சு, இத்தனை சென்ட் என்று ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். ஒரு இஞ்சை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்த எண்களை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. எந்த ஆபீசுக்கும் அவை போகவில்லை. ஆனாலும் நான் ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சங்கடம். எட்டு மணிக்கு நான் அம்மாவோடு மாதா கோவில் பூசையில் இருப்பேன். எங்கள் வீடு லஷ்கர் மொகல்லாவில், கோவிலுக்குப் பின்னால் இருந்த சந்தில். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர். அவர் போன பிறகு அம்மாவும் நானும்தான். பூசையை விட்டுவிட்டு மழையை அளக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அப்போதுதான் அக்கா, "ஞாயித்துக்கிழமை நான் பார்த்துக்கறேன். எங்காத்துலேர்ந்து ரெண்டு தெருதானே" என்றார்.

அக்கா என்று நான் கூப்பிட்டது எங்கள் பள்ளியில் சம்ஸ்கிருதமும் கன்னடமும் நடத்தியவரை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். அக்ரஹாரத்தில் தமையனார் வீட்டில் இருந்தார். ஒன்பது வயதில் கல்யாணம், பதின்மூன்றில் விதவை. உறவுக்காரர்கள் நாவிதனை வரச்சொல்லி வாசலில் உட்கார வைத்தபோது அவருடைய அப்பா அவனை எழுப்பி அனுப்பிவிட்டு, மறுவாரமே மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாராம். தலைமுடியோடு, முக்காடு போடாமல், வெள்ளைப் புடவையில் நிமிர்ந்து நடந்து வருவார். அந்த நடையைப் பார்த்து அக்ரஹாரத்தில் சிலர் கதவைச் சாத்துவார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஆசாரத்தில் இம்மி பிசகமாட்டார். பள்ளிக்கூடத்தில் பச்சைத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல் அறையில் நின்றபடியே பேசிவிட்டுப் போவார். அதில் எனக்கு வருத்தமிருந்ததா என்று இப்போது கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் அதை அவரிடம் காட்டியதில்லை. அவரும் அதற்குச் சமாதானம் சொன்னதில்லை.

பொய் என்றால் அவருக்கு ஆகாது. வகுப்பில் ஒரு பெண் "கிட்டத்தட்ட முடிச்சுட்டேன் மிஸ்" என்றால், "கிட்டத்தட்டன்னா முடிக்கலைன்னு அர்த்தம்" என்று உட்கார வைத்துவிடுவார். மழை ரிஜிஸ்தரிலும் அப்படியே. ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நேத்து புனல்லே ஈரம் மட்டும் இருந்தது. மழையா, பனியா தெரியலை. தெரியாததை எழுத மனசு வரலை. அதான் காலியா விட்டிருக்கேன்" என்றார். அந்த ஒரு கட்டத்துக்காக ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் போலிருந்தது.

கொஞ்ச நாளில் ஞாயிறு மட்டுமில்லாமல் மற்ற நாட்களிலும் எட்டு மணிக்கு வர ஆரம்பித்தார். பள்ளி பத்தரைக்கு. அந்த இடைப்பட்ட நேரம் முழுக்க எங்களுடையது. கிணற்று மேடையில் உட்கார்ந்து பேசுவோம். அவர் எனக்குச் சாமுண்டி மலையின் மேல் நிற்கிற மேகத்தைப் பார்த்து மழை சொல்லக் கற்றுக்கொடுத்தார். நான் அவருக்கு அந்த மேகங்களின் இங்கிலீஷ் பெயர்களைச் சொன்னேன். பெரும்பாலும் அவருடைய ஜோசியம்தான் பலித்தது.

யுத்தத்தின் நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. சித்திரை வைகாசியில் இடியோடு வருகிற மாங்காய் மழை வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மைசூரில் அந்த மாதங்களில் குடையில்லாமல் வெளியே போக முடியாது. அந்த வருஷம் குடையை வெயிலுக்குத்தான் பிடித்தோம். குக்கரஹள்ளி ஏரியின் கரையோரம் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால் பெரிது. அரிசி ஏற்கனவே ரேஷனில். ராகியும் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஊரே பயந்தது.

பெருமாள் கோயிலில் அண்டாக்களில் நீர் நிரப்பி அதற்குள் உட்கார்ந்து வருண ஜபம் செய்தார்கள். மைதானத்தில் முஸ்லிம்கள் வெயிலில் நின்று தொழுதார்கள். எங்கள் கோவிலில் பூசை முடிந்ததும் சாமியார் மழைக்காகத் தனியாக ஒரு பிரார்த்தனை சொன்னார். "எல்லாரும் மனு போட்டாச்சு. யாரோடதை முதல்லே எடுக்கறார்னு பார்க்கலாம்" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின நாள் ஐந்தாம் வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து, "நாம இவ்வளவு கேட்டும் கடவுள் ஏன் மிஸ் தரலை?" என்று கேட்டிருந்தாள். பருவக்காற்றைப் பற்றிப் படம் போட்டு விளக்கினேன். அவள் கேட்டது அதுவல்ல என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் காலிப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்ப்பேன். சைபர், சைபர் என்று எழுதுவது ஜெபத்துக்கு வந்த பதிலை எழுதுகிற மாதிரி இருந்தது.

ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணம் என்று நினைத்துப் பள்ளிக்கும் போனேன். ஆறாம் நாள் கிணற்று மேடையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அக்காதான் ஜட்கா பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு டைபாய்ட் என்றார். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து என்று எதுவும் கிடையாது. பார்லித் தண்ணீரும், நெற்றியில் ஈரத்துணியும், மூன்று வாரம் காத்திருப்பதும்தான். தலைச்சூட்டைக் குறைக்க வேண்டும் என்று என் முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. அம்மா அழுதுகொண்டே வெட்டினாளாம். எனக்கு நினைவில்லை.

எனக்கு நினைவில் இருப்பது பாட்டில்தான். கண்ணை மூடினால் அந்தக் காலிப் பாட்டில் வந்து நிற்கும். உள்ளே பார்க்கப் பார்க்க அது பெரிதாகிக்கொண்டே போகும். "பாட்டில்ல ஒண்ணுமில்ல, பாட்டில்ல ஒண்ணுமில்ல" என்று இரண்டு நாள் இரவும் பகலும் நான் பிதற்றியதாக அம்மா பின்னால் சொன்னாள். எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடப் பார்த்திருக்கிறேன். உடம்பை அலட்டிக்கொண்டால் குடலில் ரத்தம் கண்டுவிடும், அசையாமல் படுக்க வையுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

தொற்று நோய் என்று தெருவில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அக்கா வந்தார். வாசல் அறையைத் தாண்டாதவர் நேராக உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேனாம்.

"அக்கா, இன்னிக்கு எவ்வளவு?"

அவர் என் நெற்றித் துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து மறுபடியும் போட்டார். அந்தக் குளிர்ச்சி மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு சொன்னார்.

"பதினாலு சென்ட்."

"நெஜமாவா?"

"மலைப்பக்கம் நன்னாப் பெய்ஞ்சிருக்கு. பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. உங்க தெருவுக்கு எட்டலை, அவ்வளவுதான். இரலி, இருக்கட்டும், எழுந்துக்காதே, படுத்துக்கோ."

மைசூர் மழை அப்படித்தான். ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் புழுதி பறக்கும். நான் அன்று மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் வந்தார். எட்டேகாலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். கையில் குடை இருக்கும். கறுப்புத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதை மூலையில் சாய்த்து வைப்பார். சிவப்புத் தரையில் சின்னதாக ஒரு குளம் கட்டும். ஈரத்துணி வாசனை அறையெல்லாம் வரும். என் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அம்மா அதையும் சாத்தி வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்த வானம் அந்தக் குடைதான்.

"ஆறு சென்ட்" என்பார் ஒரு நாள். "இருபத்திரண்டு. நோடு, இதோ பாரு, நான் வரச்சேயும் தூறிண்டுதான் இருந்தது" என்பார் இன்னொரு நாள். நடுவில் ஒரு நாள், "இன்னிக்கு ஒண்ணும் இல்லை. வானத்துக்கும் ஓய்வு வேணுமோல்லியோ" என்றார். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். அவர் போன பிறகு ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொல்வேன். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். காய்ச்சல் இருபத்தோராம் நாள் இறங்கியது. அதற்குள் என் மனக்கணக்கில் ஒன்றரை இஞ்சுக்கு மேல் பெய்திருந்தது.

எழுந்து நடமாட இன்னும் ஒரு மாதம் ஆனது. வாசலுக்கு வந்து உட்கார முடிந்தபோது மண் காய்ந்துதான் இருந்தது. "இவ்வளவு நாள் காஞ்ச மண். பெய்ஞ்சதை எல்லாம் குடிச்சுடுத்து" என்றார் அக்கா. நம்ப வேண்டும் என்றிருந்தது, நம்பினேன்.

பள்ளிக்குத் திரும்பிய நாளன்று எனக்குப் பெரிய கவலை என் தலைதான். பையன்களுக்குப் போல இரண்டு விரல்கடை முடி. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சந்து முனையில் அக்கா காத்திருந்தார். என்னைப் பார்த்தார். தன் வெள்ளை முந்தானையை எடுத்து, தலையை மூடி, காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"அக்கா, நீங்க எதுக்கு..."

"வெயில் கொளுத்தறது. நட."

எந்த முக்காட்டை இருபது வருஷமாகப் போடமாட்டேன் என்று ஊரோடு எதிர்த்து நின்றாரோ, அதைப் போட்டுக்கொண்டு அக்ரஹாரத் தெரு வழியாகவே என்னை நடத்திக்கொண்டு போனார். பார்த்தவர்கள் கடைசியில் இவளும் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். பள்ளி வாசலில் பெண்கள் கூடி நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என் தலையை மறந்துவிட்டார்கள். ஏழு வாரம், என் முடி காதை மூடுகிற வரை, அவர் அந்த முக்காட்டை எடுக்கவில்லை.

ஆனால் அன்று அதை நினைத்து உருக எனக்கு நேரமிருக்கவில்லை. முதல் மணி அடிக்கும் முன்பே ரிஜிஸ்தரைத் திறந்துவிட்டேன். அக்காவின் குண்டு குண்டான எழுத்தில் ஜூலையின் மிச்ச நாளெல்லாம் சைபர். ஆகஸ்டில் இரண்டு நாள் மூன்று சென்ட், ஒரு நாள் ஐந்து. மற்றதெல்லாம் சைபர். பதினாலு எங்கேயும் இல்லை. இருபத்திரண்டு எங்கேயும் இல்லை.

லைப்ரரி அறையில் அவரைப் பிடித்தேன்.

"பொய்தானா அக்கா? தினமும் வந்து பொய்தான் சொன்னீங்களா?"

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "ரிஜிஸ்தர்லே சரியாத்தானே எழுதியிருக்கேன்" என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"ரிஜிஸ்தரை யார் கேட்டா? நான் கேட்டேனே! தினமும் நன்றி சொல்லி ஜெபம் பண்ணினேன். பெய்யாத மழைக்கு நன்றி சொல்லியிருக்கேன். சாமி முன்னாடி என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க."

நான் வெளியே வந்துவிட்டேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. காலை எட்டு மணிக்கு அவர் வருவார், நான் அளப்பேன், கிணற்று மேடையில் உட்காராமல் வகுப்புக்குப் போய்விடுவேன்.

நான்காம் நாள் சாயங்காலம் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி கொல்லைப்பக்கம் வந்து என்கிட்டத்தான் ஒரு சொம்புத் தண்ணி வாங்குவா. குடையை விரிச்சு அது மேல ஊத்திக்குவா. ஒரு சொம்புதான். குழாய்ல தண்ணி இல்லாத நாள்ல அரைச் சொம்பு. அதையும் கீரைப்பாத்தி மேல நின்னுதான் ஊத்துவா, வீணாகக் கூடாதாம்."

நான் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குக் கோபம் வருது" என்றாள் அம்மா. "எனக்கு நீ உசுரோட வேணும்னு இருந்துச்சு. அந்த டீச்சரம்மா காலைல குளிக்காமத்தான் இங்க வருவா, தெரியுமா? தொத்து வியாதிக்காரி வீடு, அதுவும் நம்ம வீடு. திரும்பிப் போய்க் குளிச்சாத்தான் அவங்க வீட்ல உள்ள விடுவாங்க. ரெண்டு தடவை குளிக்க ஊர்ல தண்ணி ஏது? அதனால காலைக் குளியலைத் தள்ளிப் போட்டுட்டு வந்தா. குளிச்சு சாமி கும்பிடாம அவ வாயில காப்பித்தண்ணி கூடப் படாது. பத்து மணி வரைக்கும் பட்டினி. நாப்பது நாளோ அம்பது நாளோ. நான் எண்ணல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்ரஹாரத்துக்குப் போனேன். அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. அக்கா வந்து என்னைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார். உள்ளேயிருந்து அவருடைய மன்னி, "யாரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தாள். "என் சிநேகிதி" என்றார் அக்கா, உரக்க.

"அம்மா சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதல் நாள் வாயிலேர்ந்து எப்படி வந்ததுன்னே தெரியலை. நீ பிதற்றிண்டிருந்தே. கை நெருப்பாக் கொதிச்சது. ஒரு தடவை சொல்லிட்டா விட முடியலையே, மறுநாளும் கேட்டியே. தினமும் எங்காத்துக்குத் திரும்பி வந்து தீர்த்தமாடிட்டு, பெருமாள் முன்னாடி நின்னு, இன்னிக்கு இத்தனை சென்ட் பொய் சொன்னேன், மன்னிச்சுடுன்னு சேவிப்பேன். நீ உங்க சாமிக்கு நன்றி சொல்லிண்டிருந்தே. நான் எங்க பெருமாள்கிட்டே மன்னிப்புக் கேட்டுண்டிருந்தேன். ரெண்டும் ஒரே மழைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எப்படி அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த நன்றி வீணாப் போகாதுடி. வரப்போற மழைக்கு இருக்கட்டும்" என்றார்.

மழை தசராவுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. மூன்றாம் பீரியட். ஆறாம் வகுப்பில் நான் ஆப்பிரிக்காவின் நதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கரும்பலகையே தெரியாத அளவுக்கு அறை இருண்டது. மலைப்பக்கமிருந்து ஒரு இரைச்சல் வந்தது. பெண்கள் என்னைக் கேட்காமலே எழுந்து ஓடினார்கள். தலைமையாசிரியை மணியை அடித்துப் பார்த்தார், யார் காதிலும் விழவில்லை. ஐந்தாம் வகுப்பில் அன்று கேள்வி கேட்ட குழந்தை முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவளிடம் எதையும் விளக்க நான் போகவில்லை. அவளுக்கும் அது தேவைப்படவில்லை. நனைந்தால் காய்ச்சல் திரும்பிவிடும் என்று அக்கா என்னைக் கையைப் பிடித்து வராந்தாவிலேயே நிறுத்தி வைத்தார்.

மறுநாள் அளவுக் கண்ணாடியை மூன்று தடவை நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டு இஞ்சு முப்பத்தெட்டு சென்ட். அக்காவுக்கு முப்பத்தேழு என்று சந்தேகம். மறுபடியும் அளந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். நான் பிழைத்து எழுந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு வந்து சேவிக்கிறேன் என்று மேல்கோட்டைப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாராம். "ஆனா உன்னை உள்ளே அழைச்சுண்டு போக முடியாது. வாசல் வரைக்கும்தான். வேண்டிக்கறச்சே அதை யோசிக்கலை" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசல் வரைக்கும் வரேன்" என்றேன்.

பெட்ரோல் கிடைக்காத நாட்கள். கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் போனோம். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய் புகைந்துகொண்டே வந்தது. மேட்டில் பஸ் திணறியபோதெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். வழி நெடுக வயல்களில் ராகி பச்சைப் பசேலென்று நின்றது. மேல்கோட்டையில் கல்யாணி குளத்தின் படிக்கட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் கோயிலுக்குப் போனார். குளத்தில் தண்ணீர் பாதிப் படி வரை ஏறியிருந்தது. காற்று என் குட்டை முடிக்குள் புகுந்து விளையாடியது. முக்காட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை பையில் இருந்தது. எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இலைப்பொட்டலத்தில் புளியோதரையோடு வந்தார். இரண்டு படி தள்ளி உட்காராமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"நீ இங்கே என்ன வேண்டிண்டே?"

"ஒண்ணும் வேண்டல அக்கா. காத்து நல்லா இருந்தது."

"அதுவும் சரிதான்" என்றார்.

அதன் பிறகு பதினோரு வருஷம் அதே பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்த மாதிரி சண்டையும் மறுபடி வரவில்லை, அந்த மாதிரி வருஷமும் வரவில்லை. எங்களுக்குள் மாறாத சில விஷயங்கள் கடைசி வரைக்கும் மாறவில்லை. எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டதில்லை. அவர் வீட்டுக் கூடத்தைத் தாண்டி நான் போனதில்லை. இருந்தாலும் சிநேகிதம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

அன்று மேல்கோட்டையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அதிகாலையில் எழுந்த களைப்பு. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டார். பஸ் குலுங்கிக் குலுங்கி அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. முன்சீட்டில் இருந்த அக்ரஹாரத்துப் பெண்மணி ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுப்பவா வேண்டாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் கழுத்து வலிக்காமல் இருக்கத் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, மைசூர் வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.